கணக்கில் வராத பிணம்

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து ‘ஃபார்கோ’ பார்த்தோம். 1996ல் வந்த அமெரிக்கப் படம். ஜோயல் கோயன் இயக்கியது. தம்பி ஈத்தனோடு சேர்ந்து எழுதியது. படம் முடியப்போகும் நேரத்தில் ஒருவன் தன் கூட்டாளியின் உடம்பை மரம் அரைக்கும் எந்திரத்துக்குள் கட்டையால் நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறான். வெள்ளைப் பனிமேல் சிவப்பாகத் தெறிக்கிறது. காலுறை மாட்டிய கால் ஒன்று எந்திரத்தின் வாயில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அறையில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

படம் முடிந்ததும் சண்டை. தொழிற்சங்க வேலை பார்க்கும் தோழர் ஒருவர் எழுந்துகொண்டார். “கொழுப்பெடுத்தவன் எடுத்த படம்யா இது. வாழ்க்கைக்கு அர்த்தமே இல்ல, எல்லாவனும் முட்டாளு, சாவுன்னா சிரிப்புன்னு சொல்றான். நம்ம பையங்களுக்கு இத எதுக்குப் போட்டுக் காட்டுறீங்க?” கல்லூரி மாணவர் ஒருவர் பதிலுக்கு, “தோழர், எல்லாத்துலயும் அரசியல் தேடாதீங்க. இது டார்க் காமெடி. காரணம் கேக்கக் கூடாது. சிரிக்கணும், அவ்ளோதான்” என்றார்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். இந்தப் படத்தின் வன்முறைக்குக் காரணம் கிடையாது என்று ரெண்டு பேருமே நம்புகிறார்கள். ஒருவர் அதனால் வெறுக்கிறார், இன்னொருவர் அதனால் ரசிக்கிறார். காரணம் இருக்கிறது தோழர்களே. படம் முழுக்க எண்களாக எழுதிவைத்திருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

1

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 1987ஆம் வருஷம், மினசோட்டா மாநிலம், கடுங்குளிர். ஜெர்ரி லுண்டகார்ட் என்பவன் மாமனாரின் கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். பணமுடை. ஆள்வைத்துத் தன் மனைவியையே கடத்தி மாமனாரிடம் பணம் கறப்பது என்று திட்டம் போடுகிறான். கடத்த வரும் இருவருக்கும் ஒரு புதுக் காரும் மீட்புப் பணத்தில் பாதியும் என்று பேச்சு. மீட்புப் பணம் 80,000 டாலர் என்று அவர்களிடம் சொல்கிறான். மாமனாரிடம் போய் 10,00,000 கேட்கிறார்கள் என்கிறான். அதாவது கூலி 40,000. இவன் பையில் 9,60,000. முதல் காட்சியிலேயே கூலிக்கும் முதலாளிக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடுகிறது. மீதிக் கதை முழுக்க அந்தத் தூரத்தில்தான் பிணங்கள் விழுகின்றன. மொத்தம் ஏழு.

ஜெர்ரிக்கு எதற்கு இவ்வளவு பணம்? படம் சொல்வதில்லை. கடத்த வந்தவன் கேட்கும்போதுகூட, அது என் சொந்த விஷயம் என்று மழுப்புகிறான். உடனே நம் ரசிகர்கள் ‘இருத்தலின் வெறுமை’ என்று எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். நான் வங்கியில் கிளார்க். எனக்கு இதில் ஒரு வெறுமையும் தெரியவில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு கோப்புதான் தெரிகிறது.

இல்லாத கார்களைக் காட்டி ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கடன் பிரிவில் 3,20,000 டாலர் வாங்கியிருக்கிறான் ஜெர்ரி. அங்கிருந்து ஒருவர் போன்மேல் போன் போடுகிறார். நீங்கள் அனுப்பிய தாளில் வண்டிகளின் வரிசை எண்ணைப் படிக்க முடியவில்லை, திருப்பி அனுப்புங்கள். ஜெர்ரி பதமாகப் பேசுகிறான். ஆமாங்க, அனுப்புறேங்க, இதோ இப்பவேங்க. பேனாவை எடுத்து, யாராலும் படிக்க முடியாதபடி எண்களைக் கிறுக்கி மறுபடி அனுப்புகிறான். அந்தப் போன்காரரின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. குரல் மட்டும்தான். அந்தக் குரல் என்னுடையது. தினமும் நான் பேசுகிற பேச்சு அது. அடகுவைத்த பொருள் இருக்கிறதா, எண் பொருந்துகிறதா, கையெழுத்து பொருந்துகிறதா. அறையில் எல்லாரும் மரம் அரைக்கும் எந்திரத்துக்குச் சிரித்தார்கள். நான் அதிகம் சிரித்தது இந்த இடத்தில்தான். ஏழு கொலையும் இந்தக் கிறுக்கலிலிருந்துதான் புறப்படுகின்றன. கத்தியும் துப்பாக்கியும் அப்புறம் வருகின்றன.

பதவிசான சட்டை, பதவிசான பேச்சு. ஒரு கிழவரும் அவர் மனைவியும் கார் வாங்க வருகிறார்கள். அவர்கள் கேட்காத துருத்தடுப்புப் பூச்சை வண்டியில் அடித்துவிட்டு அதற்கும் காசு கேட்கிறான். கிழவர் சத்தம் போடுகிறார். முதலாளியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகிறவன், பக்கத்து அறையில் இன்னொருவனோடு ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருக்கிறான். திரும்பி வந்து, உங்களுக்காக விசேஷமாக நூறு டாலர் குறைத்திருக்கிறோம் என்கிறான். கிழவர் அவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேராகத் திட்டிவிட்டு, செக் எழுதுகிறார். வேறு என்ன செய்வார்? திட்டுகிறவனும் பணம் கட்டித்தான் தீர வேண்டும்.

எந்த அலுவலகத்திலாவது மேசைக்கு இந்தப்பக்கம் நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அநியாயம் நம்மிடம் பல்லைக் கடித்துக்கொண்டு வருவது குறைவு. சிரித்த முகத்தோடு, உட்காருங்க சார் என்று சொல்லிக்கொண்டு, தாளில் வருகிறது. ‘ஃபார்கோ’ நம்மை இழுப்பது இதனால்தான். குளிர் அழகாக இருக்கிறது, ரத்தம் சிவப்பாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

2

இந்தப் படம் வந்த காலத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. 1994ல் அதிபர் கிளின்டன் மிகப் பெரிய குற்றத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சிறைகள் கட்டப் பணம், கூடுதல் போலீஸ், கூடுதல் தண்டனை. 1995ல் ஜான் டிலூலியோ என்ற அரசியல் பேராசிரியர் ‘சூப்பர் பிரிடேட்டர்’ என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். இரக்கமே இல்லாத வேட்டை மிருகங்களாக ஒரு தலைமுறை இளைஞர்கள் வரப்போகிறார்கள் என்றார். எந்த நிறத்து இளைஞர்கள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1996 ஜனவரியில் ஹிலாரி கிளின்டன் அதே சொல்லை மேடையில் சொன்னார். அந்த மிருகங்கள் வரவே இல்லை. இளையோர் செய்யும் வன்குற்றம் குறைந்துகொண்டே போனது. தப்பாகக் கணித்துவிட்டேன் என்று டிலூலியோவே பிற்பாடு ஒத்துக்கொண்டார். உள்ளே போனவர்கள் போனவர்கள்தான்.

1996 மார்ச்சில், அதே நாட்டில், இந்தப் படம் திரைக்கு வருகிறது. குற்றம் எங்கே பிறக்கிறது என்று அது காட்டுகிறது? கறுப்பர் சேரியில் இல்லை. மினியாபொலிஸ் நகரத்தின் சுத்தமான ஒரு வீட்டில். மனைவி பின்னிக்கொண்டே டிவி பார்க்கிற வீட்டில். பையன் சாப்பாட்டு மேசையிலிருந்து சீக்கிரம் எழுந்துபோனால் எங்கே போகிறாய் என்று கேட்கிற வீட்டில். குற்றவாளிக்குப் பசி இல்லை, அடிபட்ட வரலாறு இல்லை. மாமனார் சொத்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கையில் இல்லை. அவ்வளவுதான் அவன் துன்பம்.

மாமனார் வேட் குஸ்தாஃப்சன் மட்டும் என்ன? மருமகன் 7,50,000 டாலருக்கு ஒரு வண்டி நிறுத்துமிடத் திட்டத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறான். நல்ல திட்டம், நான் எடுத்துக்கொள்கிறேன், உனக்குத் தரகு தருகிறேன் என்கிறார் மாமனார். மகளைக் கடத்தியவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றதும், தொகையைக் குறைத்துப் பேசலாமா என்பதுதான் அவருக்கு வருகிற முதல் யோசனை. பணப்பெட்டியை யாரிடமும் நம்பிக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு போகிறார். பணத்தைப் பிரிய முடியாததால்தான் சாகிறார்.

கோயன் சகோதரர்கள் இதை அரசியலாக நினைத்து எடுத்தார்களா என்று மாணவத் தோழர் கேட்பார். நினைத்திருக்க மாட்டார்கள். அதனால் என்ன? அவர்கள் மினியாபொலிஸ் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தங்கள் ஊர்க்காரர்களைத் தங்களுக்குத் தெரிந்தபடி எழுதினார்கள். அந்த இழுத்துப் பேசும் ஸ்காண்டிநேவியப் பேச்சை வைத்து எங்களைக் கேலி செய்துவிட்டார்கள் என்று மினசோட்டாக்காரர்கள் பலர் அப்போது கோபப்பட்டார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஒரு பேச்சுமொழியைக் கோமாளிக்கு மட்டும் ஒதுக்குவது எந்த ஊர் சினிமாவுக்கும் புதுசில்லை. ஆனால் இங்கே கோமாளியும் அதே பேச்சுதான், கொலைக்குக் காரணமானவனும் அதே பேச்சுதான், துப்பறிகிறவரும் அதே பேச்சுதான். அந்த மட்டில் இது நேர்மையான சிரிப்பு.

3

எல்லாச் சிரிப்பும் நேர்மையானது என்று நான் சொல்லவில்லை. இனிமேல் மாணவத் தோழருக்கு.

படம் தொடங்கும்போது, இது உண்மைக் கதை, பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன, இறந்தவர்களுக்கு மரியாதையாக மற்றதெல்லாம் நடந்தபடியே சொல்லப்படுகிறது என்று எழுத்துப் போடுகிறார்கள். பொய். படம் முடிந்து ஓடுகிற எழுத்துகளில், இதில் வருகிறவர்கள் எல்லாரும் கற்பனை என்று வழக்கமான வாசகம் இருக்கிறது. 1986ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு விமானி தன் மனைவியைக் கொன்று உடலை மரம் அரைக்கும் எந்திரத்தில் போட்ட கொடூரம் நடந்தது நிஜம். அதிலிருந்து எந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே எந்திரத்துக்குள் போனது ஒரு பெண். படத்தில் போவது ஒரு அடியாள். நாம் சிரிப்பதற்கு அது வசதியாக இருக்கிறது.

உண்மைக் கதை என்று பொய் சொன்னது நல்ல விளையாட்டு என்று எழுதியவர்கள் உண்டு. விளையாட்டு எங்கே போய் முடிந்தது பாருங்கள். படத்தில் கார்ல் என்ற அடியாள் 9,20,000 டாலரைப் பனியில் ஒரு வேலியோரம் புதைத்துவிட்டுப் போகிறான். அது யாருக்கும் கிடைப்பதில்லை. 2001ல் ஒரு ஜப்பானியப் பெண் மினசோட்டாவில் பனிக்காட்டில் இறந்துகிடந்தார். படத்தை நிஜம் என்று நம்பி அந்தப் பணத்தைத் தேடிவந்து செத்துப்போனார் என்று பத்திரிகைகள் எழுதின. உலகமே சிரித்தது. அந்தப் பெண் வேலை இழந்து, மனம் உடைந்து, தற்கொலை செய்துகொள்ள வந்தவர் என்று பிற்பாடு ஒரு ஆவணப்படக்காரர் தேடிக் கண்டுபிடித்தார். அவர் பேசியது போலீஸ்காரருக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் படத்தை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். அப்புறமும் அந்தப் பொய்யை வைத்து 2014ல் ஒரு படம் வந்தது. ஒரு பெண்ணின் சாவைவிட ஒரு படத்தின் வேடிக்கை உலகத்துக்கு முக்கியமாகிவிட்டது.

இருந்தவர்கள் சொல்லும் பொய் ‘பாணி’ ஆகிறது. இல்லாதவர்கள் சொல்லும் நிஜத்துக்குச் சாட்சி கேட்கிறார்கள். ‘டார்க் காமெடி, காரணம் கேக்கக் கூடாது’ என்கிற மாணவத் தோழர் இதை மட்டும் யோசித்துப் பார்க்கட்டும். காரணம் கேட்காமல் சிரிக்கப் பழகியவனுக்கு எந்தப் பிணத்தைப் பார்த்தும் சிரிப்பு வரும்.

4

இனி மார்ஜ் குண்டர்சன். இந்தப் படத்தை எல்லாரும் நேசிப்பது இந்த அம்மாவுக்காக. பிரெய்னர்ட் என்கிற சின்ன ஊரின் போலீஸ் தலைவர். ஏழு மாதக் கர்ப்பிணி. ஃபிரான்சஸ் மெக்டோர்மண்ட் நடித்தார், ஆஸ்கார் வாங்கினார். விடியுமுன் போன் வருகிறது. புருஷன் எழுந்து முட்டை போட்டுக் கொடுக்கிறார். கிளம்பிப் போய்ப் பனியில் பதிந்த காலடியைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடுகிறார். கூடவந்த போலீஸ்காரர் தப்பாகச் சொன்னதை, உங்கள் துப்பறிதலில் எனக்கு நூறு சதவீதம் உடன்பாடில்லை என்று மனம் நோகாமல் திருத்துகிறார். வேலையை ஒழுங்காகச் செய்கிற மனுஷி. எனக்கும் பிடித்த மனுஷிதான். பிடித்தவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மார்ஜ் மினியாபொலிஸ் ஷோரூமுக்கு வருகிறார். மேலாளரிடம் கேட்கிறார்: உங்கள் இடத்திலிருந்து வண்டி எதுவும் காணாமல் போயிருக்கிறதா? இல்லை அம்மா. நன்றி, போய்வருகிறேன். அதே நேரம் அதே கட்டடத்தில் வேலைசெய்யும் மெக்கானிக் ஷெப் ப்ரவுட்ஃபுட்டிடமும் விசாரிக்கிறார். அவனுக்கு என்ன கிடைக்கிறது? நீ பரோலில் இருப்பவன், கொலைகாரர்களோடு தொடர்பு என்றால் மறுபடி ஜெயில்தான் என்ற எச்சரிக்கை. அதே சிரித்த முகம், அதே இனிய குரல். மேலாளருக்கு நம்பிக்கை, மெக்கானிக்குக்கு ஜெயில். ஷெப்புக்கும் குற்றத்தில் பங்கு உண்டு, அவன் யோக்கியன் இல்லை. ஆனால் திட்டம் போட்டவன் சுத்தமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால், அவன் வாய்ச்சொல்லே முதல் தடவை போதுமானதாகிவிட்டது. பழைய கல்லூரி நண்பன் ஒருவன் தன்னிடம் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்த பிறகுதான் ஜெர்ரியும் பொய் சொல்லியிருக்கலாம் என்று மார்ஜுக்கு உறைக்கிறது. அந்த நண்பன் யார்? மைக் யனகீட்டா. படத்தில் பேசுகிற ஒரே ஆசிய முகம்.

ஷெப் படத்தில் வரும் ஒரே செவ்விந்தியன். நடித்த ஸ்டீவ் ரீவிஸ் பிளாக்ஃபீட் இனத்தவர். ஜெயிலுக்குப் போனவன், அடியாள்களைச் சேர்த்துவிடுகிறவன், ஒரு ராத்திரி கார்லை பெல்ட்டால் விளாசுகிறவன். அப்புறம் காணோம். 1968ல் இதே மினியாபொலிஸில்தான் போலீஸ் அடிக்கு எதிராக அமெரிக்க இந்திய இயக்கம் தொடங்கப்பட்டது. பத்தொன்பது வருஷம் கழித்து நடப்பதாகச் சொல்லப்படும் கதையில் அதன் நிழல்கூட இல்லை.

அந்தப் பனி யாருடையது? பிரெய்னர்ட் எல்லையில் கோடாரியோடு பால் பன்யன் சிலை நிற்கிறது. மரம்வெட்டிகளின் கற்பனை வீரன். ஓஜிப்வே மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் எழுதி வாங்கிய பைன் காடுகளை வெட்டி வெட்டித்தான் அந்த வீரனுக்குக் கதை வந்தது. அதுவும் தாள்தான், அதுவும் கையெழுத்துதான். 1862 டிசம்பர் 26 அன்று இதே மினசோட்டாவின் மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப் பெரிய மரண தண்டனை அதுதான். மறு வருஷம் டகோட்டா மக்களை மாநிலத்தைவிட்டே துரத்தினார்கள். கோடாரிச் சிலையைப் படம் மறுபடி மறுபடி காட்டுகிறது. கோடாரியால் ஒருவனைக் கொல்லவும் வைக்கிறது. கோடாரி யாருடைய காட்டில் முதலில் விழுந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

படத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்கோ நகரத்தில் நடப்பது முதல் காட்சி மட்டும். அந்த ஊருக்கு அந்தப் பெயர் வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியைத் தொடங்கிய வில்லியம் ஃபார்கோவால் வந்தது. அந்த வங்கிதான் 2016ல் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்ததாக மாட்டிக்கொண்டது. மேலே இருந்து இலக்கு வைத்து நெருக்கினார்கள்; கீழே இருந்தவர்கள் கிறுக்கினார்கள். வேலையிலிருந்து தூக்கப்பட்ட ஊழியர்கள் ஏறக்குறைய 5,300 பேர். தலைவர் பதவி விலகினார், பிற்பாடு அபராதம் கட்டினார். அவருக்குக் கட்ட முடிந்தது. வரிசை எண்ணைக் கிறுக்குகிற ஜெர்ரி ஒரு தனி மனிதக் கோணல் என்று நினைக்கிறவர்கள் இந்தச் செய்தியைப் படிக்கட்டும்.

5

கடைசியில் மார்ஜ் கொலைகாரனைப் பிடித்து வண்டியின் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகிறார். படத்தின் நெஞ்சு இந்த இடம் என்கிறார்கள். செத்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, எல்லாம் எதற்காக, கொஞ்சம் பணத்துக்காக, வாழ்க்கையில் பணத்தைவிடப் பெரிசு எவ்வளவோ இருக்கிறதே, எனக்குப் புரியவே இல்லை என்கிறார்.

புரியவில்லை என்று சொல்ல மார்ஜால் முடியும். அவருக்கு அரசாங்கச் சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, முட்டை போட்டுத் தரும் புருஷன் இருக்கிறார். அவர் தப்பு இல்லை. ஆனால் அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டு நாமும் புரியவில்லை என்று எழுந்துவந்தால் அது நம் தப்பு. கொஞ்சம் பணம் என்கிறாரே, எது கொஞ்சம்? 2020 மே 25 அன்று இதே மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாயிட் கழுத்தில் போலீஸ்காரன் முட்டியை வைத்து அழுத்திக் கொன்றான். போலீஸ் வந்தது எதற்கு? 20 டாலர் நோட்டு ஒன்று கள்ள நோட்டோ என்ற சந்தேகத்துக்கு. எங்கள் கவுண்டரில் கள்ள நோட்டு வருவது உண்டு. நாலு வரைக்கும் என்றால் முத்திரை குத்தி எடுத்துவைத்துக்கொண்டு ரசீது கொடுப்போம். மாதக் கடைசியில் போலீசுக்குப் பட்டியல் போகும். வேலை அவ்வளவுதான். அங்கே ஒரு நோட்டுக்கு ஒரு உயிர்.

படத்தில் முதல் கொலை எப்படித் தொடங்குகிறது? காரில் நம்பர் சீட்டு ஒட்டவில்லை என்று ரோந்துப் போலீஸ்காரர் நிறுத்துகிறார். ரெண்டு வெள்ளைக்காரர்கள். பின் இருக்கையில் போர்வைக்கடியில் கடத்தப்பட்ட பெண். போலீஸ்காரர் பொறுமையாகப் பேசுகிறார். லஞ்சம் நீட்டியும்கூட, கொஞ்சம் கீழே இறங்குங்கள் என்கிறார். செத்துப்போகிறார். 2021 ஏப்ரல் 11 அன்று மினியாபொலிஸை ஒட்டிய புரூக்ளின் சென்டரில் டான்ட்டே ரைட் என்ற 20 வயதுக் கறுப்பு இளைஞனை நிறுத்தினார்கள். பதிவுச் சீட்டு காலாவதியாகியிருந்தது. சுட்டவர் 26 வருஷ அனுபவமுள்ள ஒரு பெண் அதிகாரி. மின்னதிர்ச்சிக் கருவி என்று நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்றார். நீதிமன்றம் கொடுத்தது ரெண்டு வருஷம். அதே மாநிலம், அதே சின்னச் சீட்டு. யாரிடம் போலீஸ் பொறுமையாகப் பேசும் என்பதைப் படம் தன்னையறியாமலே பதிவுசெய்துவிட்டது.

மார்ஜ் நல்லவர். ஆனால் ஒரு நல்லவரை வைத்து ஒரு காவல்துறையை நேசிக்கவைக்கிற வேலையை இந்தப் படம் செய்கிறது. அந்த இடத்தில் நாம் கைதட்ட வேண்டியதில்லை.

6

தலைப்புக்கு வருகிறேன்.

மார்ஜ் எண்ணிச் சொன்ன பிணங்களை நானும் எண்ணினேன். தொழில் பழக்கம். சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது. ஜெர்ரியின் மனைவி, ஒன்று. எந்திரத்துக்குள் போன கூட்டாளி, ரெண்டு. பிரெய்னர்டில் மூணு பேர். ஆக அஞ்சு. படத்தில் செத்தது ஏழு. ரெண்டு குறைகிறது.

அந்த ரெண்டு பேரும் மினியாபொலிஸில் பல மாடி வண்டி நிறுத்துமிடத்தில் செத்தவர்கள். மார்ஜின் எல்லைக்கு வெளியே, அதனால் சொல்லவில்லை என்று சமாதானம் சொல்லலாம். சரி. ஒருவர் மாமனார் வேட். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஷோரூம் இருக்கிறது. செத்துக்கிடக்கிற மாமனாரைப் பார்த்ததும் உடம்பை எடுத்துப்போடக் காரின் டிக்கியைத் திறக்கிற மருமகனாவது இருக்கிறான். இன்னொருவர்? கீழே வாசலில் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு வாங்கிக் கம்பத்தைத் தூக்கிவிடுகிறவர். தாடை கிழிந்து ரத்தம் ஒழுக வந்த கார்ல் அவரைக் கொன்றுவிட்டுத் தடுப்பை உடைத்துக்கொண்டு போகிறான். அவர் பெயர் என்ன? படத்தில் இல்லை. யாரும் அழவில்லை. படம் அவருக்காக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பனியில் விழுந்தவர்களை எண்ணிய மார்ஜும் எண்ணவில்லை. அந்த மாடி அறையில் பன்னிரண்டு பேரில், எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டபோது பலர் ஆறு என்றார்கள். விட்டுப்போனது அவர்தான்.

இதற்கு முன்னால் ஒரு காட்சி உண்டு. விமான நிலையத்தில் நிற்கும் ஒரு காரின் நம்பர் பலகையைத் திருடிக்கொண்டு கார்ல் வெளியே வருகிறான். அங்கேயும் கூண்டில் ஒருவர். வேறு ஆள், அதே வேலை. கொஞ்ச நேரம்தான் நின்றேன் என்கிறான் கார்ல். எவ்வளவு நேரமானாலும் குறைந்தது 4 டாலர் கட்ட வேண்டும் என்கிறார் அவர். கார்ல் பாய்கிறான். சீருடை போட்டுவிட்டால் பெரிய அதிகாரி என்று நினைப்பா, உன் வாழ்க்கையே இந்தக் கூண்டோடு சரி என்று கேவலப்படுத்துகிறான். அவர் பேசாமல் காசை வாங்கிக்கொள்கிறார். நான் சிரிக்கவில்லை. கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்காருகிற எவனும் சிரிக்க மாட்டான். விதியை எழுதியவன் எங்கோ இருப்பான். திட்டு வாங்குகிறவன் கூண்டில் இருப்பான். முதல் கூண்டில் திட்டு. ரெண்டாவது கூண்டில் குண்டு.

இந்தக் கணக்கை எல்லாம் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள். கடன் 3,20,000. கூலிக்குச் சொன்னது 80,000. கேட்டது 10,00,000. பனியில் புதைந்து ஒருவருக்கும் உதவாமல் போனது 9,20,000. அவ்வளவு பணத்தையும் மறைத்துவிட்டு வந்த கார்ல் கடைசியில் சாவது எதற்கு? அந்தப் புதுக் காரில் பாதி விலை யார் யாருக்குக் கொடுப்பது என்ற தகராறில். கூண்டுக்காரர் கேட்டது 4 டாலர். மார்ஜின் புருஷன் வரைந்த வாத்துப் படம் தபால்தலையில் வருகிறது. 29 சென்ட் தலையில் இல்லை, 3 சென்ட் தலையில். யார் அதை வாங்குவார்கள் என்று அவர் மனம் சோர்கிறார். தபால் கட்டணம் ஏறும்போதெல்லாம் பழைய தலையோடு சேர்த்து ஒட்ட அந்தச் சின்னத் தலைதான் வேண்டியிருக்கும் என்கிறார் மார்ஜ். படம் அங்கே முடிகிறது. மூணு சென்ட்டுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த அந்த அம்மாவுக்குக் கூண்டில் செத்தவரின் மதிப்பு மட்டும் கணக்கில் வராமல் போயிற்று.

தொழிற்சங்கத் தோழரே, இந்தப் படத்தை வெறுத்து ஒதுக்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள். குற்றம் மேசையில் பிறந்து கூண்டில் போய் விழுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் அதிகமில்லை. மாணவத் தோழரே, சிரியுங்கள். சிரிக்கத்தான் படம். ஆனால் சிரித்து முடித்ததும் ஒருமுறை எண்ணுங்கள்.

ஏழு வரும்வரை எண்ணுங்கள். ஆறில் நின்றால் மறுபடி முதலிலிருந்து.